ஊசி போட்ட மந்தையில் புண் ஏன்?
ஆட்டம்மைக் கிருமியின் வேறுபாடுகளும் வீரியமும்

செம்மறி ஆடு வளர்ப்போரிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "மாசியில்தான் அம்மைக்கு ஊசி போட்டோம். ஐப்பசியில் குட்டிகளுக்கு வாயெல்லாம் புண்ணாகிவிட்டது. அம்மைக் கிருமி மாறிவிட்டதாமே, பழைய ஊசி இனிமேல் கேட்காதாமே, மெய்தானா?" என்று கேட்கிறார்கள். கன்னிவாடி, தருமத்துப்பட்டி, ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் மலையடிவாரத்திலும் அறுவடை முடிந்த மானாவாரி நிலங்களிலும் ஆடு மேய்த்து, கிடை போட்டு வாழும் குடும்பங்களுக்கு இது சாதாரண ஐயம் அன்று. 'ஊசி கேட்காது' என்று ஒருவர் முடிவு கட்டினால், அடுத்த ஆண்டு அதே ஊரில் பத்துப் பேர் ஊசி போடாமல் விட்டுவிடுவார்கள். பிறகு உண்மையான அம்மை வந்து சேரும்போது ஓர் ஈற்றுக் குட்டிகள் அத்தனையும் போய்விடக்கூடும்.

2020-ல் கொரோனா வந்த பிறகு 'உருமாறிய கிருமி' என்னும் சொல் தேநீர்க் கடை வரை வந்துவிட்டது. எல்லா வைரஸ் கிருமியும் ஆண்டுக்கு ஆண்டு உருமாறும் என்று மக்கள் எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் ஆட்டம்மை விஷயத்தில் அந்த எண்ணம் சரியன்று. அம்மைக் கிருமிகளிடையே மரபு வேறுபாடுகள் உண்டு. அவ்வேறுபாடுகளால் வீரியம் கூடுவதும் குறைவதும் உண்டு. எனினும் ஊசியை ஏமாற்றும் வகையில் ஆண்டுதோறும் மாறும் கிருமி அது அன்று. ஊசி போட்ட மந்தையில் புண் கண்டால், பெரும்பாலும் வந்தது வேறு நோயாக இருக்கும். அல்லது ஊசி மருந்து ஆட்டின் உடலில் சேரும் முன்பே செத்திருக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே பெயரில் இரண்டு நோய்கள்

தோலில் கொப்புளமோ பொருக்கோ கண்டால் நம் ஊர்களில் எல்லாவற்றையும் 'அம்மை' என்றே சொல்கிறோம். செம்மறியாட்டில் இப்பெயரில் இரண்டு தனித்தனி நோய்கள் அடங்கியுள்ளன.

முதலாவது ஆட்டம்மை. முதலில் காய்ச்சல் வரும். 104 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகும். தோளுக்கு முன்புறம் நெறி கட்டும். இரண்டொரு நாளில் ரோமம் குறைந்த இடங்களான முகம், காது, முன்னங்காலின் அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடிப்புறம், மடி ஆகியவற்றில் சிவந்த தடிப்புகள் தோன்றும். அவை அரை முதல் ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் கெட்டியான கட்டிகளாகிப் பின்னர் பொருக்குத் தட்டும். பொருக்கு உதிர்ந்து ஆறுவதற்கு ஆறு வாரம் வரை ஆகலாம். அவ்விடத்தில் தழும்பு நிற்கும். தோலில் தெரிவது பாதிதான். இதே கட்டிகள் நுரையீரலிலும் உண்டாவதால் ஆடு இருமி, மூச்சு வாங்கிச் சாகிறது. நோய் நிலைத்துவிட்ட பகுதிகளில் மந்தையில் 70 முதல் 90 சதவீத ஆடுகளுக்கு நோய் கண்டாலும், சாவு 5 முதல் 10 சதவீதம் என்ற அளவில் நிற்கும். ஆனால் ஒரு மாதத்திற்கு உட்பட்ட குட்டிகளில் கிட்டத்தட்ட அத்தனையும் மடியலாம்.

இரண்டாவது, ஆட்டு வாய்ப்புண் நோய். கால்நடை மருத்துவர்கள் இதனை 'ஓர்ஃப்' என்பார்கள். இது உதட்டின் ஓரத்திலும் மூக்கின் துளையைச் சுற்றியும் தொடங்கும். காலிபிளவரைப் போலப் பூத்த, தொட்டால் இரத்தம் கசியும் பொருக்குகள் கட்டும். சில ஆடுகளில் குளம்பின் பிளவிலும் வரும். பால் குடிக்கும் குட்டியிடமிருந்து தாயின் காம்புக்குப் பரவும். காம்பில் வலி தாங்காமல் தாய் குட்டியை உதைத்துத் தள்ளும். காய்ச்சல் அதிகம் இராது. உடம்பெங்கும் கட்டிகள் இரா. மூன்று நான்கு வாரங்களில் தானாக ஆறிவிடும். நோயினால் நேராகச் சாவது குறைவு; ஆனால் குட்டி ஊட்ட முடியாமலும் மேய முடியாமலும் மெலிந்து சாவது உண்டு. புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்தாலும், மடிநோய் தொடர்ந்தாலும் இழப்பு பெரிதாகும்.

ஐப்பசியில் குட்டிகளுக்கு 'வாயெல்லாம் புண்' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது நோயே. ஆட்டம்மைக்குப் போட்ட ஊசி இதைத் தடுக்காது. தடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. ஏன் என்பதை அறியக் கிருமிகளின் மரபை ஓரளவு பார்த்தாக வேண்டும்.

ஒன்றரை லட்சம் எழுத்துகள்

எந்த உயிரின் மரபுச் செய்தியும் நான்கே நான்கு எழுத்துகளால் எழுதப்பட்டது. ஆட்டம்மைக் கிருமியின் மரபுச் சரம் டி.என்.ஏ. என்னும் பொருளால் ஆனது. அதில் ஏறத்தாழ 1,50,000 எழுத்துகள் உள்ளன. 147 மரபணுக்களாவது அதில் இருப்பதாக 2002-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் முழுச் சரத்தையும் படித்து வெளியிட்டார்கள். வாய்ப்புண் கிருமியின் சரத்தில் ஏறத்தாழ 1,38,000 எழுத்துகளும் 130-க்கு மேற்பட்ட மரபணுக்களும் உள்ளன. அளவில் இரண்டும் நெருக்கம். எழுத்துகளின் கலவையில் பெரும் தூரம். ஆட்டம்மைக் கிருமியின் எழுத்துகளில் நான்கில் மூன்று பங்கு 'ஏ', 'டி' என்ற இரு எழுத்துகள். வாய்ப்புண் கிருமியிலோ மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைய 'ஜி', 'சி' என்ற மற்ற இரு எழுத்துகள். நெல்லும் புல்வகை, கேழ்வரகும் புல்வகை. ஆனால் ஒன்றின் விதை மற்றொன்றுக்கு ஆகாது. அதுபோல் இவ்விரண்டும் அம்மைக் குடும்பத்தில் பிறந்தவை என்றாலும் வெவ்வேறு கிளையைச் சேர்ந்தவை. ஒன்றுக்கு எதிராக ஆட்டின் உடலில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி மற்றொன்றை அடையாளம் காணாது.

இதற்கு நேர்மாறான ஒரு நெருக்கமும் அம்மைக் குடும்பத்தில் உண்டு. செம்மறியாட்டின் அம்மைக் கிருமியும் வெள்ளாட்டின் அம்மைக் கிருமியும் எழுத்துக்கு எழுத்து 96 சதவீதம் ஒத்தவை. மாட்டுக்கு வரும் தோல் கழலை நோய்க் கிருமியுடன் இவை 97 சதவீதம் ஒத்துப் போகின்றன. தோல் கழலை நோய் இந்தியாவில் முதன்முதல் 2019-ல் ஒடிசாவில் உறுதி செய்யப்பட்டது. 2022-ல் குஜராத், ராஜஸ்தான் முதலிய மாநிலங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. அப்போது வெள்ளாட்டம்மைக்கான 'உத்தரகாசி' தடுப்பூசியை மாடுகளுக்குப் போட்டார்கள். "ஆட்டு ஊசியை மாட்டுக்குப் போடுகிறார்களே" என்று அன்று பலர் தயங்கியது நினைவிருக்கலாம். இந்த 97 சதவீத ஒற்றுமையே அதற்கு அடிப்படை. பெயரில் விலங்கு வேறாக இருந்தாலும் கிருமிகள் பங்காளிகள். ஆனால் செம்மறியின் வாயில் ஒரே இடத்தில் புண் உண்டாக்கும் இரண்டு கிருமிகளோ தூரத்துச் சொந்தங்கள். கண்ணால் பார்ப்பதை வைத்து உறவு சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

வீரியம் எங்கே இருக்கிறது?

அம்மைக் கிருமியின் சரத்தில் நடுப்பகுதி ஓர் உழவனின் ஏர், கலப்பை போன்றது. கிருமி பெருகுவதற்கு வேண்டிய அடிப்படைக் கருவிகள் அங்கே இருக்கின்றன. அவை கிருமிக்குக் கிருமி அதிகம் மாறுவதில்லை. சரத்தின் இரு முனைகளில்தான் வேறுபாடு அதிகம். எந்த விலங்கைத் தாக்குவது, அவ்விலங்கின் எதிர்ப்புச் சக்தியை எப்படி மழுக்குவது என்பதற்கான மரபணுக்கள் பெரும்பாலும் அம்முனைகளில் உள்ளன. வீரியம் கூடுவதும் குறைவதும் அங்கேதான்.

2002-ஆம் ஆண்டு ஆய்வில் வெளிவந்த ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. வயலில் நோய் உண்டாக்கும் கிருமியையும், அதிலிருந்து ஆய்வுக்கூடத்தில் வீரியம் குறைத்து ஊசிக்குப் பயன்படுத்தும் கிருமியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார்கள். செம்மறி அம்மை ஊசிக் கிருமியில் கண்ட மாற்றங்கள் 71. வெள்ளாட்டம்மை ஊசிக் கிருமியில் கண்ட மாற்றங்கள் வெறும் 7. ஒன்றரை லட்சம் எழுத்துள்ள நூலில் ஏழு திருத்தங்கள். அதனால் குட்டியைக் கொல்லும் கிருமி குட்டியைக் காக்கும் மருந்தாகிவிட்டது! அந்தத் திருத்தங்களுள் முக்கியமானவை வீரியத்தோடு தொடர்புள்ள மரபணுக்களைச் சிதைத்தவை.

அதே ஆய்வில் மற்றொன்றும் தெரிந்தது. தோல் கழலைக் கிருமியில் உள்ள ஒன்பது மரபணுக்கள் ஆட்டுக் கிருமிகள் இரண்டிலும் சிதைந்து கிடக்கின்றன. ஆட்டம்மைக் கிருமி மாட்டை நோயில் தள்ளாமல் இருப்பதற்கு இந்த இழப்பே காரணமாகலாம் என்பது அவ்விஞ்ஞானிகளின் கருத்து. ஆட்டம்மை கண்ட பட்டிக்குப் பக்கத்தில் மாடு கட்டியிருப்போர் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

வாய்ப்புண் கிருமியின் கதை இன்னும் சுவையானது. இரத்த நாளங்களை வளரச் செய்யும் ஒரு புரதத்திற்கான மரபணு இக்கிருமியிடம் இருப்பதை 1994-ல் நியூசிலாந்தில் கண்டறிந்தார்கள். ஆட்டின் உடலில் உள்ள மரபணு ஒன்றை முற்காலத்தில் எப்போதோ இது கவர்ந்து வைத்துக்கொண்டது என்று கருதுகிறார்கள். உதட்டுப் பொருக்கு பூத்துக் கிளம்புவதும், தொட்டவுடன் இரத்தம் கசிவதும் இந்த மரபணுவின் வேலை. 2000-ல் இதை மட்டும் நீக்கிய கிருமியைச் செம்மறியில் செலுத்திப் பார்த்தபோது புண் சிறுத்துவிட்டது. இந்த மரபணு எல்லா வாய்ப்புண் கிருமியிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நியூசிலாந்தின் இரு கிருமி வகைகளுக்கிடையிலேயே இதில் பெரும் வேறுபாடு காணப்பட்டது. ஆட்டின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் வேறு சில புரதங்களையும் இக்கிருமி செய்கிறது. அதனால்தான் ஒருமுறை வாய்ப்புண் வந்து ஆறிய ஆட்டுக்கு மறுபடியும் வருகிறது. இரண்டாம் முறை சற்று இலேசாக வரும். ஆட்டம்மை அப்படியன்று. ஒருமுறை வந்து பிழைத்த ஆட்டுக்கு ஆயுள் முழுதும் காப்பு உண்டு. அந்த ஆடு கிருமியைச் சுமந்து திரிவதும் இல்லை. பிழைத்த பெட்டையை 'அம்மை கண்டது' என்று மலிவு விலைக்குத் தள்ளிவிடுவது தேவையற்ற நட்டம்.

வீரியத்தைக் கிருமியின் கணக்கில் மட்டும் எழுதிவிடவும் கூடாது. ஒரே கிருமி ஒரு மந்தையில் நான்கு குட்டியோடு நிற்கும். பக்கத்து மந்தையில் நாற்பதைக் கொண்டுபோகும். திண்டுக்கல் சமவெளியில் வளரும் கோயம்புத்தூர் இனம், மேச்சேரி, வாடிப்பட்டிப் பக்கத்துக் கச்சைக்கட்டிக் கறுப்பு போன்ற நாட்டு ஆடுகள் தலைமுறை தலைமுறையாக அம்மையோடு பழகியவை. நோயே அறியாத பகுதியிலிருந்து கொண்டுவரும் ஆடுகளில் சாவு 100 சதவீதத்தை நெருங்கலாம். வயிற்றில் புழு மிகுந்த ஆடு, கோடையில் தீவனமின்றி நலிந்த ஆடு, ஆட்டுக்கொல்லி நோய் கண்டு எதிர்ப்புச் சக்தி இழந்த ஆடு ஆகியவற்றில் எந்தக் கிருமியும் வீரியமாகத்தான் தெரியும். 'இந்த வருசத்து அம்மை பொல்லாதது' என்று சொல்வதற்கு முன் அந்த ஆண்டின் மழையையும் மேய்ச்சலையும் குடற்புழு மருந்து கொடுத்த தேதியையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

மாறும் கிருமியும் மாறாக் கிருமியும்

கோமாரி நோய்க்குப் போடும் ஊசியில் 'ஓ', 'ஏ', 'ஆசியா-1' என்று மூன்று வகைக் கிருமிகள் சேர்ந்திருப்பது பலருக்குத் தெரியும். ஒரு வகைக்குப் போட்ட காப்பு மற்றொரு வகைக்கு உதவாது. கோமாரிக் கிருமியின் மரபுப் பொருள் ஆர்.என்.ஏ.; அது படியெடுக்கும்போது பிழைகளைத் திருத்திக்கொள்வதில்லை. எனவே விரைந்து மாறுகிறது.

செம்மறிக்கு இதைவிடப் பெரிய தலைவலி நீலநாக்கு நோய். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, கொசுவை விடச் சிறிய ஒருவகைக் கடிபூச்சி இதைப் பரப்புகிறது. உதடும் முகமும் வீங்கி, வாயில் புண் கண்டு, நொண்டி நடக்கும். இக்கிருமியில் 24-க்கும் மேற்பட்ட வகைகள் உலகில் உள்ளன. இதன் மரபுப் பொருள் பத்துத் துண்டுகளாக இருப்பதால், இரு வகைக் கிருமிகள் ஒரே ஆட்டில் சேரும்போது சீட்டுக்கட்டைக் கலைத்தது போலத் துண்டுகள் மாறிப் புதுக் கலவை உண்டாகலாம். அதனால்தான் நம் நாட்டு நீலநாக்கு ஊசியில் 1, 2, 10, 16, 23 என ஐந்து வகைகளைச் சேர்க்க நேர்ந்தது. 'கிருமி மாறிவிட்டது' என்ற பேச்சு இங்கே பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் வாய் வீங்கிய ஆட்டை நீலநாக்காக இருக்குமோ என்று முதலில் ஐயுறுவதும் சரியே.

ஆட்டம்மைக் கிருமி டி.என்.ஏ. கிருமி. படியெடுக்கும்போதே பிழையைச் சரிபார்க்கும் அமைப்பு அதனிடம் உண்டு. ஆகவே மாற்றம் மிக மெதுவாகவே நடக்கிறது. எதிர்ப்புச் சக்தியின் கண்ணுக்கு உலகெங்கும் உள்ள ஆட்டம்மைக் கிருமிகள் யாவும் ஒரே வகை. மனிதரின் பெரியம்மையை 1980-லும், மாட்டின் வெக்கை நோயை 2011-லும் உலகிலிருந்து ஒழித்ததாக அறிவிக்க முடிந்ததற்கு, அக்கிருமிகளும் இவ்வாறு ஒரே வகையாக இருந்தது ஒரு முக்கிய காரணம். நம் நாட்டு ஆட்டம்மை ஊசிகளுக்குப் பயன்பட்ட கிருமிகளுள் ஒன்று 'ராணிப்பேட்டை' என்னும் பெயருடையது. 1932 முதல் இயங்கிவரும் ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அமைந்துள்ள அதே ஊரின் பெயர்தான். ஸ்ரீநகர் வகை, ருமேனிய நாட்டின் ஃபனார் வகை ஆகியனவும் பயன்பட்டுள்ளன. ஊர் வேறு, வகைப் பெயர் வேறு. காப்பளிக்கும் வகையில் அவை ஒன்றே.

ஆனால் கிருமியின் அடையாளத்தைச் சரிபார்க்காமல் பெயரை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. கென்யாவில் ஆட்டிலிருந்து எடுக்கப்பட்டு, 'கே.எஸ்.ஜி.பி. ஓ-240' என்ற பெயரில் ஆட்டம்மை ஊசிக்குப் பயன்பட்ட கிருமியின் மரபைப் படித்தபோது, அது ஆட்டம்மைக் கிருமியே அன்று, மாட்டின் தோல் கழலைக் கிருமி என்று தெரிந்தது. 2014-ல் வெளிவந்த ஆய்வு இது. ஆட்டுக்கு ஏற்ற அளவில் வீரியம் குறைக்கப்பட்ட அக்கிருமி, மாட்டுக்குப் போடும்போது போதிய அளவு சாதுவாக இராது. மரபைப் படிப்பது ஆய்வுக்கூடத்துப் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர்க்காக இதைச் சொல்கிறேன்.

ஊசி எங்கே தவறுகிறது?

கிருமி மாறவில்லை என்றால், உண்மையான ஆட்டம்மையே ஊசி போட்ட மந்தையில் சில வேளை வருகிறதே, அது எப்படி?

ஆட்டம்மை ஊசி உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியால் ஆனது. உறைநிலையில் உலர்த்தி, குப்பியில் அடைத்து வருகிறது. அது உயிரோடு ஆட்டின் உடலில் சேர்ந்தால்தான் காப்பு உண்டாகும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் அதை வைத்திருக்க வேண்டும். ஒரு குப்பியில் பல ஆடுகளுக்கு உரிய மருந்து இருக்கும். அதைக் கரைத்துவிட்டால் பனிக்கட்டி மேல் வைத்து, வெயில் படாமல், இரண்டு மணி நேரத்திற்குள் போட்டு முடித்துவிட வேண்டும். நம் ஊரில் நடப்பது என்ன? காலையில் கரைத்த மருந்தை வண்டிப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு பட்டி முடிந்து, காப்பி குடித்து, அடுத்த பட்டிக்குப் போவதற்குள் பங்குனி வெயில் உச்சிக்கு வந்துவிடுகிறது. பிற்பகலில் போட்ட ஊசி வெறும் உப்புத் தண்ணீரே. ஊசியையும் சிரிஞ்சையும் ஸ்பிரிட்டால் கழுவிவிட்டு உடனே மருந்தை ஏற்றுவதும் தவறு. அது மருந்துக் கிருமியையும் கொன்றுவிடும். கொதிநீரில் இட்டு ஆறவைத்துப் பயன்படுத்த வேண்டும். ஊசி போடுவது மருத்துவரின் வேலை என்றாலும், குப்பி பனிக்கட்டியில் வந்ததா, எத்தனை மணிக்குக் கரைத்தார்கள் என்று கேட்பது ஆட்டுக்காரரின் உரிமை. கூச்சப்படாமல் கேளுங்கள். பட்டிகள் பல உள்ள ஊரில் ஆடுகளை அதிகாலையில் ஓரிடத்தில் திரட்டி வைப்பது இதற்கு நல்ல வழி.

அடுத்த காரணம் குட்டியின் வயது. ஊசி போட்ட தாய், அல்லது அம்மை கண்டு தேறிய தாய், சீம்பாலின் வழியே குட்டிக்குக் காப்புத் தருகிறது. அந்தக் காப்பு உடலில் இருக்கும் வரை, போடும் ஊசியின் கிருமியையும் அது அழித்துவிடும். எனவே குட்டிகளுக்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி போட வேண்டும். மாசியில் மந்தைக்கு ஊசி போட்டபோது இரண்டு மாதமாக இருந்த குட்டியை 'ஊசி போட்ட கணக்கில்' சேர்த்துவிட்டு மறந்துபோவது பரவலாக நடக்கிறது. ஈற்றுக் காலத்தைக் குறித்துவைத்து, விடுபட்ட குட்டிகளுக்குத் தனியே போட ஏற்பாடு செய்ய வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை.

மூன்றாவது, சந்தை. அம்மைக் கிருமி உடலில் புகுந்து நோய் வெளிப்பட ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். மூன்று வாரம் வரை எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அய்யலூர்ச் சந்தையிலோ வேறெங்கோ பளபளப்பாக இருந்த ஆட்டை வாங்கிவந்து அன்றே மந்தையில் விட்டால், ஏழெட்டு நாளில் காய்ச்சல் தொடங்கும். (ஆட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற கன்னிவாடி மூலனூர்ப் பக்கம் திருப்பூர் மாவட்டத்தில் இருப்பது, நம் கன்னிவாடி வேறு. இருந்தும் ஆடு அங்கிருந்தும் இங்கே வருகிறது.) புதிய ஆடுகளை 21 நாள் தனியே வைக்க வேண்டும். ஏற்கெனவே கிருமி புகுந்த ஆட்டுக்கு ஊசி போட்டாலும் நோய் வெளிப்படும். ஊசிக்குப் பின் காப்பு உண்டாக இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதையும் மறக்கக் கூடாது. பக்கத்து ஊரில் அம்மை வந்த பிறகு பதறிப் போட்ட ஊசியின் மேல் வரும் பழி பெரும்பாலும் இத்தகையதே. கோடையில் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கிடை ஓட்டிவரும் கீதாரிகளுடன் நிலத்துக்காரர் பேசும்போது, கிடைக் கூலியோடு அம்மை ஊசி போட்ட மாதத்தையும் கேட்டுக்கொள்வது இரு தரப்புக்கும் நன்மை.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அம்மை கண்ட ஆட்டைக் கிடைத்த விலைக்கு விற்றுவிடலாம் என்று சந்தைக்கு ஓட்டுவது அண்டை அயலாரின் பட்டியில் தீ வைப்பதற்குச் சமம். கால்நடைகளின் தொற்று நோய்த் தடுப்புக்கான 2009-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டம்மையும் உள்ளது. நோய் கண்டால் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை. 1968 முதல் ஆட்டம்மை இல்லாதிருந்த ஸ்பெயின் நாட்டில் 2022 செப்டம்பரில் அது மறுபடி தோன்றியபோது, நோய் கண்ட மந்தைகளை முழுவதுமாகக் கொன்று புதைத்தார்கள். ஈட்டுத்தொகை கொடுக்கும் நாட்டுக்கு அது இயலும். நமக்கு ஊசியும் ஒதுக்கி வைத்தலும்தான் வழி.

நோய் கண்ட பட்டியில்

இரு நோய்க்கும் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. புண்ணில் வேறு கிருமி சேராமல் காப்பதே சிகிச்சை. ஆயிரத்தில் ஒரு பங்கு பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த வெதுவெதுப்பான நீரில் புண்ணைக் கழுவலாம். உதட்டுப் புண்ணுக்குப் போரிக் ஆசிட் கலந்த கிளிசரின் தடவலாம். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவும் நம் வழக்கம் நல்லதே. ஈ மொய்ப்பதைக் குறைக்கும். பொருக்கைப் பிய்த்து எடுக்கக் கூடாது. காய்ச்சலும் இருமலும் உள்ள ஆட்டுக்கு மருத்துவர் சொல்லும் மருந்தை அவர் சொல்லும் நாள் வரை கொடுக்க வேண்டும். சந்தையில் பொட்டலம் கட்டி விற்கும் பெயரில்லாப் பொடிகளுக்குச் செலவிடும் பணத்தில் நாலு நாள் தவிடும் புண்ணாக்கும் வாங்கலாம்.

வாய்ப்புண் கண்ட ஆட்டைச் சீமைக் கருவேல் முள்ளிலும் காய்ந்த கட்டைப் புல்லிலும் மேய விடாதீர்கள். உதட்டில் முள் கீறிய இடமே இக்கிருமிக்கு வாசல். இளம் அகத்தி, பசும்புல், கேழ்வரகுக் கூழ் என்று மென்மையாகக் கொடுக்க வேண்டும். ஊட்ட முடியாத குட்டிக்குப் பாலைக் கறந்து புட்டியில் புகட்ட வேண்டும். இந்த வேலையைச் செய்யும் பெண்கள் கையுறை அணிவது அவசியம். ஆட்டம்மை மனிதருக்கு வராது. வாய்ப்புண் கிருமி வரும். விரலில் ஒரு கொப்புளமாகத் தோன்றி ஆறு வாரம் வரை தொல்லை கொடுத்துத் தானே ஆறும். கீறித் திறக்காமல் மூடிக் கட்டி, மருத்துவரிடம் 'ஆட்டுக்கு வாய்ப்புண் இருந்தது' என்று சொன்னால் போதும்.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, அயலார் வராமல் காக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ஆட்டுப் பட்டிக்கும் அதே ஒழுக்கம் வேண்டும். வெளி ஆடு, வியாபாரி, ரோமம் கத்தரிப்பவர் எவரையும் உள்ளே விடாமலிருந்தால் பரவல் பெருமளவு அடங்கும். பொருக்கில் கிருமி நெடுநாள் பிழைக்கும். ரோமத்தில் மூன்று மாதம் வரையும், வெயில் படாத பட்டியில் ஆறு மாதம் வரையும் ஆட்டம்மைக் கிருமி இருக்கக்கூடும். உதிர்ந்த பொருக்கையும் கூளத்தையும் பெருக்கி எரித்து, தரையில் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து, கிடையை வேறிடம் மாற்றி, பழைய இடத்தை வெயிலில் காய விட வேண்டும். குட்டிகளை அடைக்கும் குடாப்பையும் வெயிலில் கவிழ்த்துப் போட மறக்கக் கூடாது. நிழலும் ஈரமுமான அதன் உட்புறம் கிருமிக்கு நல்ல தங்குமிடம்.

எந்தக் கிருமி என்று அறிய

ஊசி போட்ட மந்தையில் புண் கண்டால், ஊகம் செய்து காலம் கடத்தாமல் மாதிரி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். செம்மறி அம்மைக் கிருமியின் ஒரு மரபணுவில், வெள்ளாட்டு அம்மைக் கிருமியோடு ஒப்பிட 21 எழுத்துகள் குறைவு. அந்த ஒரு குறைவை வைத்தே ஆய்வுக்கூடத்தில் ஒரே நாளில் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம். வாய்ப்புண் கிருமிக்கும் நீலநாக்குக்கும் தனித்தனிச் சோதனைகள் உள்ளன. அந்த விடையைப் பொறுத்தே அடுத்த ஆண்டு எந்த ஊசி, எப்போது என்பது முடிவாகும். அது வாய்ப்புண் என்று தெரிந்தால், ஆட்டம்மை ஊசியை நிறுத்துவதற்கு அது காரணமாகாது. ஆட்டம்மையே என்று தெரிந்தால், அந்தத் தடவை மருந்து எங்கே சூடானது என்று தேட வேண்டும்.

மாதிரிக்குப் புண் தோன்றிய முதல் வாரமே ஏற்ற காலம். காய்ந்து உதிர்ந்து, தழும்பு தெரியத் தொடங்கிய பிறகு எடுப்பதில் பயன் குறைவு. மருந்து எதுவும் தடவாத புண்ணிலிருந்து, இரண்டு மூன்று ஆடுகளிடம், கால்நடை மருத்துவரே எடுப்பது நல்லது. தோலின் சிறு துண்டையோ பொருக்கையோ சுத்தமான மூடியுள்ள குப்பியில் இட்டு, ஒவ்வொன்றிலும் ஆட்டின் அடையாளமும் தேதியும் எழுதிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே அனுப்ப வேண்டும். கூடவே ஒரு தாளில், மந்தையில் மொத்த ஆடுகள் எத்தனை, நோய் கண்டவை எத்தனை, செத்த குட்டிகளின் வயது என்ன, கடைசி ஊசி எந்த மாதம், குப்பியின் மேல் இருந்த தொகுதி எண் என்ன, புதிய ஆடு எப்போது எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கொடுங்கள். ஊசி போடும் அன்றே காலிக் குப்பியின் சீட்டைக் கிழித்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தால் தொகுதி எண்ணைத் தேடி அலைய வேண்டியதில்லை. திண்டுக்கல்லில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி ஆராய்ச்சி மையத்தில் ஆலோசனை பெறலாம். நடக்க முடியாத ஆடுகளைச் சுமந்துகொண்டு மருத்துவமனைக்கு அலைய வேண்டியதில்லை. 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் நடமாடும் கால்நடை ஊர்தி பட்டிக்கே வரும்.